சும்மா இருக்கும்போதும் பெட்டி கொதிக்கிறதா? கோடியில் சிபியுவைத் தின்னும் ஆட்-ஆனைப் பிடிக்கும் வழி

சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று பல வீடுகளில் டிவியில் படம், பாட்டு ஓட்டும் கோடி (Kodi) என்ற மீடியா சென்டர் மென்பொருளை நான்தான் போட்டுக் கொடுத்தேன். அதனால் அது மக்கர் செய்தாலும் கூப்பிடுவது என்னைத்தான். புகார் பெரும்பாலும் ஒன்றே: பெட்டி தொட முடியாத அளவுக்குச் சூடு, ரிமோட்டை அழுத்தினால் மூன்று விநாடி கழித்துத்தான் திரை நகர்கிறது, ஃபேன் இருந்தால் அது ஓயாமல் கத்துகிறது. பாதிப் பேரிடம் அதற்குள் யாராவது "பழசாகிவிட்டது, புதுசு வாங்குங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து அவசரப்பட்டு வாங்காதீர்கள். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் பெட்டி நன்றாகத்தான் இருந்தது, உள்ளே ஒரே ஒரு ஆட்-ஆன் (கோடியில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சின்ன நிரல்) தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் போதும்.

இதை ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் லிப்ரெலெக் (கோடியை ஓட்டுவதற்கென்றே உள்ள லினக்ஸ்) வைத்திருப்பவர்களையும் விண்டோஸ் கணினியில் கோடி வைத்திருப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஆண்ட்ராய்டு பெட்டிக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்

டாஸ்க் மேனேஜரில் ஆட்-ஆனின் பெயரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய ஆட்-ஆன்கள் எல்லாம் கோடிக்குள்ளேயே ஓடுகின்றன, வெளியிலிருந்து பார்த்தால் கோடி என்ற ஒரே பெயர்தான் தெரியும். அதனால்தான் எல்லாரும் கோடியைத் திட்டுகிறார்கள், அல்லது பெட்டியைத் திட்டுகிறார்கள்.

பார்க்க வேண்டியது, எத்தனை கோர் (சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) செலவாகிப் போகிறது என்பதை. செட்டிங்ஸ், சிஸ்டம், லாகிங் என்று போய் டீபக் லாகிங்கை (நடப்பதையெல்லாம் லாக் கோப்பில் விரிவாக எழுதிவைக்கும் வசதி) இயக்குங்கள். திரையின் மேலே சின்ன எழுத்தில் ஒவ்வொரு கோரின் சதவீதமும் வரும். ராஸ்பெரி பையில் நான்கு கோர். அதில் ஒன்று மட்டும் 100-ஐ ஒட்டி நிற்கிறதா (அந்த ஒன்று நிமிடத்துக்கு நிமிடம் இடம் மாறலாம், பரவாயில்லை), அல்லது நான்கும் நிற்கின்றனவா?

விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் மொத்தத்தையும் 100 என்று வைத்துச் சொல்லும். நான்கு கோர் கணினியில் ஒரு கோர் முழுவதும் போனால் 25 என்று காட்டும், எட்டு த்ரெட் உள்ள கணினியில் 12 அல்லது 13. "பன்னிரண்டு சதவீதம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். ஒன்றும் ஓடாதபோது அசையாமல் அந்த எண்ணிலேயே நின்றால் ஒரு கோர் மூச்சுமுட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இந்த எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கோடிக்குள் இருக்கும் பைத்தான் ஆட்-ஆன்கள் ஒரே சாவியை மாற்றி மாற்றி வாங்கித்தான் ஓடுகின்றன. பத்து ஆட்-ஆன் இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒரு கோரைத்தான் தின்ன முடியும். ஆக, ஒரு கோர் போகிறது என்றால் சந்தேகம் பைத்தான் ஆட்-ஆன் மேல். நான்கும் போகிறது என்றால் வேறு ஏதோ. ஒரு மோசமான ஆட்-ஆன் அந்தச் சாவியை விடாமல் வைத்திருக்கும்போது மற்ற நல்ல ஆட்-ஆன்களின் மெனுவும் திறக்க மறுக்கும், இதையும் நினைவில் வையுங்கள். மெதுவாகத் திறக்கும் ஆட்-ஆன்தான் குற்றவாளி என்று முடிவு கட்ட முடியாது.

ஆண்ட்ராய்டு பெட்டிகளில் இந்த எண் சரியாக வராமல் போகலாம். அங்கே ஒவ்வொன்றாக முடக்கிப் பார்ப்பதுதான் வழி.

## அறிகுறி 1: எதுவும் ஓடவில்லை, முகப்புத் திரை மட்டும்தான், ஆனாலும் ஒரு கோர் நிறைந்து நிற்கிறது

அதிகம் வருவது இதுதான். முகப்பை விட்டு செட்டிங்ஸ் திரைக்குப் போய், ரிமோட்டைத் தொடாமல் ஒரு நிமிடம் காத்திருந்து எண்ணைப் பாருங்கள்.

### செட்டிங்ஸில் நின்றால் குறைகிறது என்றால்

ஸ்கின்தான் (கோடியின் திரைத் தோற்றம்) காரணம். ஓடிக்கொண்டே இருக்கும் செய்தி வரி, நகரும் பின்னணிப் படங்கள், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் விட்ஜெட் வரிசைகள், இவை இருந்தால் கோடி திரையை மறுபடி மறுபடி வரைந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கும். இன்டர்ஃபேஸ் அமைப்பில் ஆர்எஸ்எஸ் செய்தி ஓட்டத்தை நிறுத்துங்கள், விட்ஜெட்டுகளை நான்கைந்தாகக் குறையுங்கள். அதிலும் குறையாவிட்டால் எஸ்டுவரி என்ற இயல்பான ஸ்கினுக்கு மாறி அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். எஸ்டுவரியில் அமைதியாக இருந்தால் வேலை முடிந்தது. பை 3 மாதிரியான சின்னப் பெட்டியில் கனமான ஸ்கின்னோடு மல்லுக்கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, எஸ்டுவரியிலேயே இருங்கள்.

### செட்டிங்ஸிலும் அப்படியே நிற்கிறது என்றால்

பின்னணியில் ஓடும் சர்வீஸ் ஆட்-ஆன் ஒன்றுதான். கோடி எழும்போதே இவை எழுந்துவிடும், நீங்கள் அந்த ஆட்-ஆனைத் திறக்கவே வேண்டாம். வசன வரி தேடுவது, பார்த்த படங்களைக் கணக்கு வைப்பது, வால்பேப்பர் மாற்றுவது, இந்த வகை எல்லாம் இதில் அடக்கம்.

பெரும்பாலும் நடப்பது இது: ஆட்-ஆன் எழுதியவர் "கோடி மூடப்படும் வரை சுற்றிக்கொண்டே இரு" என்று ஒரு வளையம் எழுதியிருப்பார். நடுவில் ஓய்வெடுக்கச் சொல்ல மறந்திருப்பார், அல்லது ஒரு மில்லி விநாடி மட்டும் ஓய்வு கொடுத்திருப்பார். அது நாள் முழுக்க "வேலை இருக்கிறதா, வேலை இருக்கிறதா" என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

அக்கா வீட்டில் ஒரு மே மாதம் இதேதான் நடந்தது. பை 4, டிவிக்குப் பின்னால் காற்றே போகாத இடத்தில் ஒட்டியிருந்தது, படம் எதுவும் ஓடாமலே 80 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கடையில் போர்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் பார்த்தால், எப்போதோ ஒரு நாள் போட்டுப் பார்த்து மறந்துபோன வசன வரி சர்வீஸ் ஒன்று, இல்லாத ஒரு கோப்புறையை இடைவிடாமல் தேடிக்கொண்டிருந்தது. அதை முடக்கிய பத்தாவது நிமிடத்தில் சூடு 55-க்கு இறங்கியது. அந்தப் பெட்டி இன்றும் ஓடுகிறது.

கண்டுபிடிக்கும் முறை, எளியதிலிருந்து:

முதலில் நாளை யோசியுங்கள். இது எப்போது ஆரம்பித்தது, அதற்கு முந்தைய இரண்டு நாளில் எதைப் புதிதாகப் போட்டீர்கள்? எதையும் போடவில்லை என்றாலும் ஏதாவது தானாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கலாம். சந்தேகப்படும் ஆட்-ஆனின் விவரத் திரையில் வெர்ஷன்ஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதில் பழைய பதிப்பு கிடைத்தால் அதற்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். சரியானால் அந்த ஒன்றுக்கு மட்டும் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவையுங்கள்.

அதில் பிடிபடவில்லை என்றால், பாதிப் பாதியாக முடக்குங்கள். ஆட்-ஆன்ஸ், மை ஆட்-ஆன்ஸ், சர்வீசஸ் என்று போனால் பட்டியல் வரும். பதினான்கு இருந்தால் ஏழை முடக்கிவிட்டுப் பெட்டியை அணைத்து மறுபடி போடுங்கள். சூடு போய்விட்டதா, குற்றவாளி அந்த ஏழில் இருக்கிறது. போகவில்லையா, மீதி ஏழில். இப்படியே நான்கு சுற்றில் ஒன்றே ஒன்று மிஞ்சும். ஒவ்வொரு சுற்றிலும் அணைத்துப் போடுவது கட்டாயம், ஏனென்றால் மோசமாக எழுதிய ஆட்-ஆன் "நிறுத்து" என்றாலும் காதில் வாங்காது, முடக்கிய பிறகும் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். இதைத் தெரியாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் நான்.

லினக்ஸ் பழக்கம் இருந்தால் இன்னொரு வழி. எஸ்எஸ்எச் வழியாகப் பெட்டிக்குள் போய் டாப் கட்டளையைக் கொடுங்கள், அது ஓடும்போது பெரிய எச் அழுத்தினால் த்ரெட்டுகள் தனித்தனியாகத் தெரியும். மேலே நிற்கும் த்ரெட்டின் பெயர் லாங்வேஜ்இன்வோக்கர் என்றிருந்தால் அது பைத்தான் ஆட்-ஆன்தான், சந்தேகமே வேண்டாம். எந்த ஆட்-ஆன் என்பதை இது சொல்லாது, ஆனால் ஸ்கின்னா சர்வீஸா என்ற குழப்பம் தீரும். டாப் கட்டளையில் இரண்டு விதம் உண்டு, ஒன்று ஒரு கோரை 100 என்று காட்டும், மற்றது நான்கு கோரையும் சேர்த்து 100 என்று காட்டும், எது உங்களுடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் லாக் கோப்பு. டீபக் லாகிங் இயங்கும்போது சிபைத்தான்இன்வோக்கர் என்று தொடங்கும் வரிகளில் எந்த ஆட்-ஆனின் எந்தக் கோப்பு எப்போது கிளம்பியது என்று முழுப் பாதையோடு இருக்கும். ஒரே ஆட்-ஆனின் பெயர் விநாடிக்கு ஐந்து தடவை வந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

### எந்தக் கட்டத்தில் விட்டுவிட்டு எழுதியவரிடம் போவது

எது என்று தெரிந்துவிட்டது, ஆனால் அது உங்களுக்குக் கண்டிப்பாக வேண்டும், பழைய பதிப்பும் உதவவில்லை என்றால் ஆட்-ஆன் எழுதியவரிடம் சொல்லுங்கள். பெட்டியை அணைத்துப் போட்டு, பத்து நிமிடம் சும்மா விட்டு, அந்த டீபக் லாகை அனுப்புங்கள். "சிபியு அதிகமாகப் போகிறது" என்று மட்டும் எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அனுப்பும் முன் ஒருமுறை படித்து, கடவுச்சொல்லோ கணக்கு விவரமோ முகவரி வரிகளில் இருந்தால் அழித்துவிடுங்கள்.

பைத்தான் கொஞ்சம் தெரிந்தவர்கள் தாங்களே அந்த வளையத்தைத் திறந்து, மானிட்டரின் வெயிட்ஃபார்அபார்ட் ஃபங்ஷனைக் கூப்பிட்டு ஐந்து விநாடி காத்திருக்கும்படி மாற்றலாம், பல நேரம் ஒரே வரிதான். ஆனால் அடுத்த புதுப்பிப்பில் உங்கள் திருத்தம் அழிந்துவிடும் என்பதால் எழுதியவருக்கும் சொல்லிவிடுவதுதான் நல்லது. அவர் அந்த ஆட்-ஆனைத் தொட்டே பல வருடம் ஆகிவிட்டதா? 2021-இல் வந்த 19-ஆம் பதிப்பில் கோடி பைத்தான் 3-க்கு மாறியது. அந்த நேரத்தில் எப்படியோ ஓட வைத்துவிட்டு அதோடு கைவிடப்பட்டவை நிறைய. அப்படிப்பட்ட ஒன்றுக்காகப் போராட வேண்டாம், மாற்று தேடுங்கள்.

## அறிகுறி 2: பெட்டியைப் போட்டதும் முதல் சில நிமிடங்கள் மட்டும் கொதிக்கிறது, அப்புறம் அடங்கிவிடுகிறது

இது பெரும்பாலும் கோளாறே இல்லை. எல்லா சர்வீஸும் ஒரே நேரத்தில் எழுகின்றன, ஆட்-ஆன் புதுப்பிப்பு தேடப்படுகிறது, நூலகமும் (கோடி வைத்திருக்கும் உங்கள் படங்களின் பட்டியல்) புதுப்பிக்கப்படுகிறது. ஐந்து நிமிடத்தில் அடங்கினால் விட்டுவிடுங்கள்.

அரைமணி நேரம் நீடித்தால், மீடியா, லைப்ரரி அமைப்பில் "தொடங்கும்போது நூலகத்தைப் புதுப்பி" என்பதை நிறுத்துங்கள், வேண்டும்போது கையால் புதுப்பித்துக்கொள்ளலாம். வீடியோ கோப்புகளிலிருந்து சிறுபடம் எடுப்பது, அத்தியாயச் சிறுபடம் எடுப்பது ஆகிய இரண்டையும் அணையுங்கள். பெரிய ஹார்ட் டிஸ்க்கை முதல்முறை செருகியபோது பெட்டி பல மணி நேரம் கொதிப்பதற்கு இவைதான் காரணம், ஒவ்வொரு படத்தையும் திறந்து அது ஒரு காட்சியைப் பிடிக்கிறது.

## அறிகுறி 3: ஒரு குறிப்பிட்ட ஆட்-ஆனில் வீடியோ பார்க்கும்போது மட்டும் நான்கு கோரும் போகிறது, படம் தத்துகிறது

வீடியோ ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கில ஓ (O) அழுத்துங்கள். விசைப்பலகை இல்லை என்றால் ஒன்றை இரவல் வாங்கியாவது செருகிப் பாருங்கள், இந்தத் திரை அவ்வளவு உபயோகமானது. வீடியோ டிகோடர் என்ற வரியின் முடிவில் எச்டபிள்யூ (HW) என்றிருந்தால் வன்பொருள் படத்தை விரிக்கிறது, எஸ்டபிள்யூ (SW) என்றிருந்தால் சிபியு தன் கையால் விரிக்கிறது.

### எஸ்டபிள்யூ என்று இருக்கிறது

முதலில் செட்டிங்ஸ், பிளேயர், வீடியோஸ் போய் வன்பொருள் முடுக்கம் அணைந்திருக்கிறதா பாருங்கள். அந்த வரியே காணவில்லை என்றால் இடது பக்கம் கீழே இருக்கும் நிலையை எக்ஸ்பர்ட் என்று மாற்றுங்கள்.

அது சரியாகத்தான் இருக்கிறது என்றால், அந்த ஆட்-ஆன் உங்கள் பெட்டியின் வன்பொருளுக்குத் தெரியாத சுருக்க வடிவத்தில் (எச்.264, எச்இவிசி, விபி9, ஏவி1 என்று பல உண்டு) வீடியோவைக் கொண்டுவருகிறது. பை 3-க்கு எச்.264 வன்பொருளில் ஓடும், எச்இவிசி ஓடாது. பை 4-க்கு இரண்டும் ஓடும், எச்இவிசியில் 4கே வரை. 2023-இல் வந்த பை 5-இல் எச்இவிசிக்கு மட்டும்தான் வன்பொருள் இருக்கிறது, எச்.264-ஐ சிபியுதான் விரிக்கிறது, ஆனால் அந்த சிபியு வேகமானது என்பதால் 1080பி-யில் தடுமாறாது. ஆகவே பை 5-இல் எஸ்டபிள்யூ என்று பார்த்ததும் பயப்பட வேண்டாம். விபி9, ஏவி1 இரண்டுக்கும் எந்தப் பையிலும் வன்பொருள் கிடையாது. இணைய வீடியோ தளங்கள் இப்போது இந்த இரண்டையும்தான் முதலில் நீட்டுகின்றன.

இன்டெல் கணினி என்றால் விபி9-க்கு ஏழாம் தலைமுறையிலிருந்தும், ஏவி1-க்கு பதினொன்றாம் தலைமுறையிலிருந்தும் வன்பொருள் உதவி உண்டு.

செய்ய வேண்டியது: அந்த ஆட்-ஆனின் சொந்த அமைப்புகளில் ஸ்ட்ரீம் வடிவங்களைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள், ஏவி1, விபி9 இரண்டையும் எடுத்துவிட்டு எச்.264 மட்டும் வையுங்கள். அப்படி இடம் இல்லை என்றால் அதிகபட்சத் தெளிவை 1080-க்கு, அதிலும் தத்தினால் 720-க்கு இறக்குங்கள். புதுப் பெட்டி வாங்குவது நியாயம் என்று நான் ஒப்புக்கொள்ளும் ஒரே இடம் இதுதான், அதுவும் 4கே-தான் வேண்டும் என்றால் மட்டும்.

### எச்டபிள்யூ என்றுதான் இருக்கிறது, ஆனாலும் தத்துகிறது

கோர்களைப் பாருங்கள். எல்லாம் 30-க்குக் கீழே இருந்தால் இது சிபியு பிரச்சினையே இல்லை, இணைப்பு. வைஃபையை விட்டு கம்பி போட்டுப் பாருங்கள். ஒரு கோர் மட்டும் நிறைந்திருந்தால் அறிகுறி 1-க்குப் போங்கள், பின்னணி சர்வீஸ் ஒன்று கூடவே ஓடுகிறது. நேரலை டிவி சேனலில் மட்டும் என்றால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீடியோ அமைப்பில் டீஇன்டர்லேஸ் முறையை எளிமையான ஒன்றாக மாற்றிப் பாருங்கள்.

## அறிகுறி 4: நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மணி அடித்தாற்போல் குறிப்பிட்ட இடைவெளியில் திரை உறைகிறது

கடிகாரத்தை வைத்து இரண்டு மூன்று முறை நேரத்தைக் குறியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் நிகழ்ச்சி வழிகாட்டியைப் பாருங்கள். இணையம் வழியாக டிவி காட்டும் ஐபிடிவி ஆட்-ஆனில் ஆயிரக்கணக்கான சேனல் உள்ள பட்டியலையும் அதற்கேற்ற பெரிய வழிகாட்டிக் கோப்பையும் போட்டிருப்பீர்கள், ஒவ்வொரு தடவையும் அது மொத்தத்தையும் இறக்கி, பிரித்து, தரவுத்தளத்தில் எழுதுகிறது. இந்த வகை ஆட்-ஆன்கள் பைத்தானில் எழுதியவை அல்ல, ஆகவே ஒரு கோர் கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது.

சேனல் பட்டியலை நீங்கள் உண்மையில் பார்க்கும் முப்பது நாற்பதுக்குக் குறையுங்கள். இதைச் செய்தால் மற்றவை தேவையே படாது. மனமில்லை என்றால் பிவிஆர் (நேரலை டிவி) அமைப்பில் வருங்கால நாள்களை ஒன்று அல்லது இரண்டாகக் குறைத்து, புதுப்பிக்கும் இடைவெளியை நீட்டுங்கள். பிறகும் உறைந்தால் அதே இடத்தில் கிளியர் டேட்டா கொடுத்து வழிகாட்டியைப் புதிதாக ஆரம்பிக்க விடுங்கள்.

## அறிகுறி 5: அணைத்தால் அணைய மாட்டேன் என்கிறது

அறிகுறி 1-இன் தம்பி. அடுத்த முறை பெட்டியைப் போட்டதும் பழைய லாகை எடுங்கள், கோடி அதை ஓல்ட் என்ற சொல் சேர்த்த பெயரில் தனியாக வைத்திருக்கும். அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்ட் ஐந்து விநாடிக்குள் நிற்கவில்லை, கொன்றுவிடுகிறேன் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதிலேயே ஆட்-ஆனின் பாதையும் இருக்கும். இவ்வளவு சுலபமாகக் குற்றவாளி சிக்குவது வேறு எங்கும் இல்லை, அதனால் அறிகுறி 1-இல் திணறுபவர்களும் முதலில் இந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

## அறிகுறி 6: எல்லா கோரும் 100, கோடியை மூடினாலும் குறையவில்லை

இதில் விளையாட வேண்டாம். கோடி மூடிய பிறகும் சிபியு போகிறது என்றால் கோடிக்கு வெளியே ஏதோ ஒன்று ஓடுகிறது.

2018 செப்டம்பரில் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதை வெளியே கொண்டுவந்தது: அதிகாரபூர்வமல்லாத சில ஆட்-ஆன் களஞ்சியங்கள் வழியாக, பல ஆட்-ஆன்களுக்கும் தேவைப்படும் சிம்பிள்ஜேசன் என்ற துணை மாட்யூலின் போலிப் பதிப்பு பரவியிருந்தது. அது விண்டோஸ், லினக்ஸ் கணினிகளில் மொனேரோ நாணயம் தோண்டும் நிரலை இறக்கி வைத்தது. ஆட்-ஆனை நீக்கினாலும் அந்த நிரல் கணினியிலேயே தங்கிவிடும். பயனருக்குத் தெரிந்த ஒரே அறிகுறி, சிபியு போவதுதான்.

விண்டோஸ் என்றால் கோடியை மூடிவிட்டு டாஸ்க் மேனேஜரில் மேலே நிற்கும் பெயரைக் குறித்துக்கொண்டு முழு வைரஸ் சோதனை ஓட்டுங்கள். லிப்ரெலெக் என்றால் சுத்தம் செய்ய முயலாதீர்கள், எஸ்டி அட்டையை அழித்து லிப்ரெலெக்கைப் புதிதாக எழுதுங்கள், அரைமணி வேலை. பழைய ஆட்-ஆன் காப்புப் பிரதியை அப்படியே திரும்பப் போட்டுவிடாதீர்கள், போட்டால் அதுவும் கூடவே வந்துவிடும். அதே கணினியில் வங்கி வேலை பார்ப்பவர்கள், வைரஸ் சோதனையில் ஏதாவது அகப்பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி, இணையத்தைப் பிடுங்கிவிட்டு, கணினி சரிசெய்பவரிடம் கொடுத்து விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள்.

## எல்லா ஆட்-ஆனையும் முடக்கியாயிற்று, இன்னும் சூடு குறையவில்லை

லிப்ரெலெக்கில் கோடி சேவையை நிறுத்திவிட்டு, டாட் கோடி என்ற கோப்புறையின் பெயரை மாற்றி, மறுபடி தொடங்குங்கள். கோடி புதிதாக நிறுவியது போல எழும், உங்கள் பழைய அமைப்பு பத்திரமாகப் பக்கத்திலேயே இருக்கும். அதில் சிபியு அமைதியாக இருந்தால் பழைய அமைப்பில்தான் ஏதோ கெட்டிருக்கிறது, தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள்.

புதிய அமைப்பில் சிபியு 5, 10 என்று இறங்கிவிட்டது, ஆனால் வெப்பம் மட்டும் இறங்கவில்லை என்றால் மென்பொருள் வேலை இத்தோடு முடிந்தது. சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையில் வெப்பநிலையைப் பாருங்கள். பை 4 என்றால் 80 டிகிரியில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளத் தொடங்கும், அப்போது சாதாரண வேலைக்கே சிபியு அதிகம் போவது போலத் தெரியும். பெட்டியை டிவிக்குப் பின்னாலிருந்து வெளியே எடுத்து வையுங்கள், ஃபேனில் தூசியைத் தட்டுங்கள், ஒட்டும் ஹீட்சிங்க் ஒன்று வாங்கிப் போடுங்கள். திரையில் மஞ்சள் மின்னல் குறி வந்தால் மின்சாரம் போதவில்லை, பை 4-க்கு 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும், பழைய மொபைல் சார்ஜர் ஆகாது. இவ்வளவும் செய்து, வேறு அடாப்டர், வேறு எஸ்டி அட்டை இரண்டையும் மாற்றிப் பார்த்தும் சும்மா இருக்கும்போதே 80-ஐத் தாண்டினால், அப்போது எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.